ஆறு காம்பராவுக்கு ஒரு டிஷ்

அன்று இருந்தவர்கள்: அப்பா, அம்மா, அக்கா, நான். அக்காவைப் பெண் பார்க்க வத்தேகமப் பக்கமிருந்து வந்த மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, பெரியம்மா. இஸ்தோப்புத் திண்ணையில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டு, ஒரே கூரையடியில் ஆறு வீடு ஒட்டிய எங்கள் லயத்தில் பாதிப் பேர். இல்லாதவர் ஒரே ஒருவர்தான்: எங்கள் லயத்துத் தலைவர். காலையிலேயே ஒரு சாவு வீட்டுக்குக் கிளம்பியவர், தன் வீட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார். அந்தச் சாவி மட்டும் லயத்தில் இருந்திருந்தால், இதை எழுத எனக்கு விஷயமே இருந்திருக்காது.

முதலில் என்னைப் பற்றி. எங்கள் குடும்பத்தில் ஏ.எல். என்கிற உயர்தர வகுப்பு வரை போன முதல் ஆள் நான். அதுவும் கணிதப் பிரிவு. அப்பா தன் பெயரை மட்டும் எழுதுவார் (அது எழுத்தா, படமா என்று அந்த வயதில் நான் கேலி செய்திருக்கிறேன். திமிர், வேறொன்றுமில்லை). கலஹாவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பல்பு போனாலும், அடையாள அட்டைப் படிவம் வந்தாலும், மாட்டுக்கு வயிறு ஊதினாலும் “படிச்ச பையனக் கூப்புடு” என்பார்கள். நான் மூன்றுக்கும் போவேன். தெரியாது என்று சொல்லும் வழக்கம் அப்போது எனக்குக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்தை நடத்தவில்லை.

போர் முடியாத கடைசி வருடங்கள் அவை. லயம் பள்ளத்தில் இருந்ததால் சாதாரண அன்டனாவுக்கு மலை மறைக்கும். செய்தி வாசிப்பவர் எந்நேரமும் மணல் மழையில் நனைந்துகொண்டிருப்பார். ஆகவே ஆறு காம்பரா வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஒரு டிஷ் வாங்குவது, ரிசீவர் பெட்டி மட்டும் வீட்டுக்கு ஒன்று வாங்கிக்கொள்வது என்று முடிவாயிற்று.

“ஒரு டிஷ்ஷுல ஆறு பொட்டி ஓடுமாடா?” என்று அப்பா கேட்டார்.

“ஒரு தண்ணிக் கொழாய்ல ஆறு பீலி வச்சு ஆறு பேரு தண்ணி புடிக்கிற மாதிரிதாம்ப்பா” என்றேன். நல்ல உவமை. தவறான உவமை.

கண்டியில் சாமான் வாங்கி பஸ்ஸில் வரும்போது பேராதனையில் ஆமிக்காரர்கள் இறக்கிச் சோதித்தார்கள். என்னிடம் இருந்தவை: ஒரு டிஷ், ஒரு பெரிய கம்பிச் சுருள், ஒரு மீட்டர், கோணங்கள் குறித்த கடதாசி, ஒரு திசைகாட்டி. அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பையன் இவற்றோடு பஸ் ஏறுவதற்கு நிச்சயமாகக் கல்வி தேவை. படிக்காதவனுக்கு அவ்வளவு மடத்தனம் வராது. “மொக்கத மே?” என்றார் ஆமிக்காரர். இது என்ன என்று கேட்ட மனிதருக்கு, செய்மதி எப்படிப் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது என்பதை என் சிங்களத்தில் பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “கிரிகட் பேனவாத?” இதில் கிரிக்கெட் படம் தெரியும் என்றேன். டிஷ்ஷைத் திருப்பித் தந்தார். திசைகாட்டியை வைத்துக்கொண்டார்.

திசைகாட்டி இல்லாமல் டிஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் படம் பிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. எங்கள் பக்கத்தில் இந்தியச் செய்மதிக்கு டிஷ் ஏறக்குறைய மல்லாந்துதான் கிடக்க வேண்டும், கோழிக்குத் தண்ணீர் வைத்தது போல. அதை எங்கள் பக்கத்து வீடான தலைவரின் கூரையில் பூட்டினோம். அங்கேயே ஸ்பிளிட்டரையும் வைத்தேன். ஒரு கம்பியை ஆறாகப் பிரிக்கும் சின்னப் பெட்டி அது. அதன் ஆறு வாய்களில் ஒன்றுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஆறில் ஒன்று மட்டும் சிவப்பு என்றால் அது யாருக்குப் போக வேண்டும் என்பதில் எங்கள் லயத்தில் யாருக்கும் சந்தேகம் வராது. கோயிலில் முதல் மாலை யாருக்கோ அவருக்குத்தான். தலைவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். சிவப்புப் புள்ளி வாயில் அவர் வீட்டுக் கம்பியை நான் முறுக்கியதும் தேங்காய் உடைத்தார்கள்.

அன்றிரவு எட்டு மணிக்கு நாடகத்தில் மருமகள் மாமியாரை எதிர்த்து வாயைத் திறந்தாள். ஆறு வீட்டிலும் படம் போய்விட்டது.

“மேகம்” என்றேன்.

அடுத்த நாளும் எட்டு மணிக்கு மேகம் வந்தது. அதற்கடுத்த நாளும். “ஒன் மேகத்துக்குக் கடிகாரம் கட்டி விட்டுருக்கியாடா?” என்றாள் அக்கா.

கண்டிக்குத் திரும்பப் போய்க் கடைக்காரரிடம் கேட்டபோதுதான் விளங்கியது. செய்மதி சேனல்களை இரண்டு கட்சியாகப் பிரித்து அனுப்புகிறது. நம் வீட்டுப் பெட்டி கம்பி வழியே மின்சாரம் அனுப்பி, ‘இந்தக் கட்சியைப் பார்’ என்று டிஷ்ஷின் கண்ணுக்குச் சொல்லும். ஸ்பிளிட்டரில் அந்த மின்சாரத்தை விடுவது சிவப்புப் புள்ளி வாய் மட்டும்தான். ஆக, தலைவர் வீட்டுப் பெட்டி எந்தக் கட்சியோ, லயமே அந்தக் கட்சி. விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்காக அவர் எட்டு மணிக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படுத்தால், லயமே படுக்க வேண்டியதுதான்.

“கம்பிய மாத்தி நம்ம வீட்டுக்குக் குடுத்துறலாம்ப்பா.”

“குடுத்த மரியாதையத் திருப்பி வாங்குறதா? கொன்னுருவேன்” என்றார் அப்பா.

கடைசியில் தலைவரிடம் போய்ப் பணிவாகச் சொன்னோம். அவருக்கு வருத்தமில்லை, பெருமைதான். ஜனங்களுக்காக இனிப் பெட்டியை அணைப்பதே இல்லை என்று வாக்குக் கொடுத்தார். வாக்கு வாக்குத்தான். சாவு வீட்டுக்குப் போன அன்றும், லயம் இருட்டாகிவிடக் கூடாதென்று பக்திச் சேனலை ஓடவிட்டே கதவைப் பூட்டியிருக்கிறார்.

இப்போது பெண் பார்த்த நாளுக்கு வருகிறேன். மாப்பிள்ளைக்குப் பேராதனை ஆஸ்பத்திரியில் வேலை. அம்மா அங்கே படுத்திருந்தபோது அக்கா அவரைப் பார்த்திருக்கிறாள். பிடித்திருந்தது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம், கேட்காமலே என் சட்டையைத் தோய்த்து இஸ்திரி போட்டுத் தந்தாள். “நகையா இருக்கு நம்மகிட்ட? ஒன்னத்தான்டா காட்டப் போறாங்க. ஒழுங்கா இரு.”

மாப்பிள்ளையின் அப்பா கிரிக்கெட் பைத்தியம். அன்று ஏதோ இறுதி ஆட்டம். ‘மேட்ச் அன்னைக்கி எங்கயும் வாறதில்ல’ என்றவரை, ‘எங்க வீட்டுல டிஷ் இருக்கு, வாங்க, பாத்துக்கிட்டே பேசலாம்’ என்று அப்பா வரவழைத்திருந்தார். வந்தார். கதிரையில் உட்கார்ந்தார். நான் ரிமோட்டை அழுத்தினேன். கிரிக்கெட் சேனல் கறுப்பு: அது மற்றக் கட்சி. அடுத்த விளையாட்டுச் சேனலும் கறுப்பு. பக்திச் சேனலில் மட்டும் படம் பளிங்கு மாதிரி இருந்தது.

“மேகமா தம்பி?” என்றார் அவர்.

அடுப்படியிலிருந்து அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அதற்கு மேல் வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் சிவப்புப் புள்ளியை ஒரு மணித்தியாலம் இரவல் எடுத்துவிடலாம் என்று பின்பக்கமாக ஏணி வைத்துத் தலைவரின் கூரையில் ஏறினேன். தகரத்துக்கும் என் வயதுதான் இருக்கும், ஆனால் அது என்னைவிட அதிகம் தேய்ந்திருந்தது. நான்காவது அடியில் டமாரென்று உள்ளே போய்விட்டேன். உரச்சாக்குத் தைத்துக் கட்டியிருந்த மச்சு என்னைத் தாங்கிப் பிடித்து, யோசித்து, பிறகு இருபது வருட அடுப்புக்கரியோடு தலைவரின் கட்டிலில் இறக்கிவிட்டது.

அந்தக் காலத்தில் பெரிய சத்தம் கேட்டால் முதலில் படுப்போம், பிறகுதான் என்னவென்று கேட்போம். மாப்பிள்ளையின் பெரியம்மா மேசைக்கு அடியில் போய்விட்டாராம்.

எழுந்து பார்த்தேன். கதவு வெளியே பூட்டு. சன்னலுக்குக் கம்பி. வந்த வழியே ஏறலாமென்றால் பிடித்த தகரமெல்லாம் கையோடு வந்தது. ஆனால் எதிரே தலைவரின் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது! ரிமோட் சாமிப் படத்தட்டில், பொலித்தீன் சுற்றி, குங்குமப் பொட்டோடு இருந்தது. கும்பிட்டுவிட்டு எடுத்துக் கிரிக்கெட்டைப் போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே ஆரவாரம்.

“வந்துருச்சு! வந்துருச்சு! எங்க தம்பி?” இது மாப்பிள்ளையின் அப்பா. “ஏ.எல். படிச்ச புள்ள, அதுகிட்ட பேசணும்னுதான் வந்தேன்.”

“பேசுங்க மாமா, கேக்குது” என்றேன் சுவர் வழியாக.

குரல் சுவருக்குப் பக்கத்தில் வந்தது. “என்னா படிச்சீங்க?”

“கணிதம்.”

“இப்ப எங்க இருக்கீங்க?”

“பக்கத்து வீட்டுல, மாமா.”

இதற்குள் மற்றக் காம்பராக்களில் ஞாயிற்றுக்கிழமைப் படம் நின்றுபோய்ப் பெண்கள் சத்தம் போடத் தொடங்கினார்கள். “எவன்டா அது? படத்தப் போடு!” விளம்பரம் வரும்போதெல்லாம் அவர்கள் கட்சிக்கு மாற்றினேன். பந்து வீசும்போது இந்தக் கட்சிக்கு வந்தேன். இரண்டு பக்கமிருந்தும் திட்டு. நானும் பதிலுக்குக் கத்தினேன்.

பெரியம்மாவின் குரல் தாழ்ந்து வந்தது. “அண்ணி, மறைக்காம சொல்லுங்க. அந்தப் புள்ளயப் பூட்டி வச்சிருக்கீங்களா?”

“ஐயோ, இல்லீங்க...” என்றாள் அம்மா.

“வெளிய பூட்டு தொங்குது. உள்ள தனியாக் கத்துது. அளவுக்கு மீறிப் படிச்சா சிலதுக்கு இப்பிடி ஆகும்னு சொல்லுவாங்க. குடும்பத்துல வேற யாருக்கும் உண்டா?”

‘எனக்குப் பைத்தியமில்லை’ என்று உள்ளேயிருந்து கத்தினேன். (பூட்டிய அறைக்குள்ளிருந்து அப்படிக் கத்துகிறவனை யார் நம்புவார்கள்?) கதிரைகள் நகரும் சத்தம் கேட்டது. கிளம்புகிறார்கள்.

அப்போது அக்கா வெளியே வந்துவிட்டாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் தானாக வந்து பேசுவது அந்த லயத்தில் அதற்கு முன் நடந்ததில்லை.

“பைத்தியம் இல்லீங்க. தெரியாதுன்னு சொல்லத் தெரியாது, அதான் அவனுக்கு வியாதி. ஒங்களுக்கு மேட்ச் காட்டணும்னு கூரையில ஏறி உள்ள விழுந்துட்டான். வேணும்னா போய்ப் பாருங்க.”

மாப்பிள்ளைதான் வந்து பார்த்தார். சன்னல் கம்பிக்கு வெளியே அவர் முகம், உள்ளே என் முகம். என் முகத்தில் பல்லும் கண்ணும் மட்டுமே வெள்ளை. கையில் குங்குமம் வைத்த ரிமோட். ஆஸ்பத்திரிக்காரர் அல்லவா, கையைக் காலை மடக்கச் சொன்னார், விரலை எண்ணச் சொன்னார். பிறகு திரும்பிச் சத்தமாகச் சொன்னார்: “பெரியம்மா, பைத்தியம் இல்ல. வெறுங்கரி!”

அக்காதான் முதலில் சிரித்தாள். அவரும் சிரித்தார். மாப்பிள்ளையின் அப்பா திரும்ப உட்கார்ந்தார் (இன்னும் பத்து ஓவர் இருந்தது). சன்னல் வழியாக எனக்கு ஒரு பிளேன்டீயும் வந்தது, மாப்பிள்ளை கையால்.

பொழுது சாயத் தலைவர் வந்து கதவைத் திறந்தார். கூரையில் வானத்தைப் பார்த்தார். கட்டிலில் கரியைப் பார்த்தார். கடைசியாகத் தொலைக்காட்சியைப் பார்த்தபோதுதான் அவர் முகம் வாடியது. “நான் சாமிப் பாட்டுல்லடா வச்சிட்டுப் போனேன்?”

கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் நான் அக்கா வீட்டு முற்றத்தில் கால் வைத்ததும் மச்சான் உள்ளேயிருந்து, “கதவு தெறந்துதான் இருக்கு, கூர வழியா வராதீங்க!” என்று குரல் கொடுப்பார். இப்போது அவருடைய பிள்ளைகளும் சேர்ந்துகொள்கிறார்கள்.

சீர் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: யாரோடும் பங்கு இல்லாத ஒரு தனி டிஷ். டிஷ், பெட்டி, கம்பி, அதைப் பூட்ட வேறொரு ஆளுக்குக் கூலி (வேறொரு ஆள் என்பது பெரியம்மா போட்ட நிபந்தனை), எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய்.