செம்மண் கூடு

ஐந்தாவது தடவையாகச் சாவியைத் திருகினார் பூவனநாதன். என்ஜின் "கர்... கர்... கர்..." என்று சுற்றியது. கிளம்பவில்லை.

"இந்தா, இப்பக் கிளம்பிரும்" என்றார், பின்சீட்டில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்த மனைவி சங்கரம்மாளிடம்.

"இதையேதான் அஞ்சு தடவையும் சொல்லுதீங்க."

பூவனநாதனுக்குக் கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வியாபாரம். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் ஆசைதீர ஓட்டிய பழைய காரைப் போன மாதம்தான் வாங்கியிருந்தார். தினமும் காலையில் பத்து நிமிடம் என்ஜினைச் சும்மா ஓடவிட்டுச் சூடேற்றுவார். அது விடும் புகையைக்கூடப் பெருமையாகத்தான் பார்ப்பார். இன்றைக்கென்று பார்த்து மக்கர் செய்தது.

இன்று சாதாரண நாள் இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு லேடி டாக்டர் பத்து மணிக்கு வரச்சொல்லியிருந்தார். இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி.

"பேசாம ரயிலுக்குப் போயிருவோம். ஏழே முக்காலுக்கு ஒண்ணு இருக்குல்லா?"

"வாசல்ல பிளஷர் காரை நிறுத்திக்கிட்டு ரயில்ல போவாகளாட்டி?"

பானெட்டைத் திறந்தார். பெட்ரோல் வரவில்லையோ என்று குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சினார். தாராளமாகவே வந்தது. பாதி வயிற்றுக்குள் போயிற்று. காருக்குப் பின்னால் இருந்த தன் அடுப்பங்கரைச் சன்னல் வழியாக அதைப் பார்த்த பக்கத்து வீட்டு வள்ளித்தாய், ஒரு செம்பு மோரோடு ஓடி வந்தாள்.

அடுத்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டும்போது எந்த ஒயர் எதற்கு என்று மறந்துவிட்டது. பார்க்க அழகாக இருக்கும்படி மாட்டிவிட்டுச் சாவியைத் திருகினார். பானெட்டுக்குள் ஒரு வெடி வெடித்தது. சங்கரம்மாள் இறங்கித் தெருவுக்கே போய்விட்டாள்.

விடவில்லை. பாட்டரி தீரும்வரை திருகினார். பிறகு காரின் முன்பக்கத் துளையில் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினார். அது எதிர்ப்பக்கம் திரும்பி மணிக்கட்டில் ஒன்று கொடுத்தது. ஸ்டேஷன் பக்கமிருந்து ஊதல் கேட்டது.

"அந்தா, ரயிலும் போயிருச்சு" என்றாள் சங்கரம்மாள். பூவனநாதனுக்கு மணிக்கட்டைவிட அதுதான் வலித்தது.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் சம்சுதீன் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது. ஒயர்களைப் பார்த்து, "இது யாரு செஞ்ச வேல?" என்றார்.

"அதை விடும். வண்டிக்கு என்ன?"

சம்சுதீன் ஒயர்களைச் சரியாக மாட்டினார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நெருப்பு இருக்கு. பெட்ரோலு இருக்கு. அண்ணாச்சி, நீங்க ஹாண்டிலைச் சுத்துங்க." வண்டியின் பின்னால் போய்ச் சைலன்சர் குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தார்.

"மூச்சு வரல. உள்ள இழுக்குது, வெளிய விட மாட்டேங்குது."

குனிந்து தீக்குச்சி வெளிச்சத்தில் பார்த்தார். "உள்ள மண்ணு. குளவி கூடு கட்டிருக்கு அண்ணாச்சி. ஒரு கம்பி குடுங்க, குத்தி எடுத்துருவோம்."

"தொடாதீங்க!"

சங்கரம்மாள் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

"வீட்ல குளவி கூடு கட்டினாப் புள்ள உண்டாகும்லா? அதைப் போயிக் குத்துதீங்களே!"

"அது வீட்ல கட்டினா. இது கார்லல்லா கட்டிருக்கு?"

"அப்போ காரு நம்ம வீட்டைச் சேந்தது இல்லையா?"

பூவனநாதன் சம்சுதீனைப் பார்த்தார். சம்சுதீன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "எங்க வீட்லயும் கலைக்க மாட்டாக. இந்தப் பாவம் நமக்கு வேண்டாம் அண்ணாச்சி."

தெருப் பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து குழாய்க்குள் பார்த்தார்கள். "செம்மண்ணு! பொம்பளப்புள்ளதான்" என்று ஒருத்தி தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"இந்தக் கரிசக்காட்டுல செம்மண்ணுக்கு எம்புட்டுத் தூரம் பறந்துச்சோ, பாவம்" என்று பூவனநாதன் உருகினார்.

வள்ளித்தாய் மட்டும் குனிந்து பார்க்கவில்லை. மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஏதாவது கிடந்திருக்கும்.

"அப்போ டாக்டரு?" என்று கேட்டார் பூவனநாதன்.

"குளவியே சொன்ன பொறவு அவிய என்னத்தச் சொல்லப்போறாக?" என்று சிரித்தாள் சங்கரம்மாள். அவள் அப்படிச் சிரித்து வருஷக்கணக்காகியிருந்தது. அந்தச் சிரிப்புக்காகவே கார் கிடக்கட்டும் என்று அவருக்குத் தோன்றியது.

கார் கிடந்தது. பூவனநாதன் கடைக்குச் சைக்கிளில் போனார். வெள்ளிக்கிழமைதோறும் சைலன்சருக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தாள் சங்கரம்மாள். மூன்றாவது மாதம் அவள் புளியங்காய் கேட்டாள். அடுத்த வருஷம் சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. பேபி என்று பெயர் வைத்தார்கள்.

தொட்டில் போட்ட அன்று காருக்கும் மாலை போட்டார் பூவனநாதன். வந்தவர்களிடமெல்லாம் குளவியின் கதையைச் சொன்னார். தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த வள்ளித்தாய், அவர் எட்டாவது தடவையாக "செம்மண்ணுக்கு எம்புட்டுத் தூரம்..." என்று தொடங்கியதும் எழுந்து வந்து, அவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி... தெனம் ஒங்க வண்டிப் புகையெல்லாம் எங்க அடுப்பங்கரைக்குள்ள வருதேன்னு, அடுப்பு மெழுக வச்சிருந்த செம்மண்ணுல ஒரு உருண்டை புடிச்சு அந்தக் குழாயை நான்தான் அடைச்சேன்."