வருகை வரவேற்புக் குழுவின் ஐந்தாம் விதி

இந்தப் பூமியில் காத்திருக்கத் தெரிந்தவர்கள் என்று சொல்லத் தகுந்தவர்கள் அந்தத் திருச்சபையின் ‘வருகை வரவேற்புக் குழு’வினர் மட்டுமே. மற்ற சபைகளில் ஆண்டவர் மீண்டும் வருவார் என்று பாட்டுப் பாடிவிட்டுச் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவர்கள் பதிவேடு போட்டுக் காத்திருந்தார்கள்.

குழுவின் செயலாளர் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் நேரக் காப்பாளராக இருந்தவர். ஒரு நிமிஷம் பிந்தி வந்தவன்கூட அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. விண்ணேற்ற நாளன்று போதகர் செய்த பிரசங்கம் அவரை உலுக்கிவிட்டது. ஆண்டவர் மேகத்துக்குள் மறைந்த பிறகும் சீடர்கள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லையாம். வெள்ளை உடையில் இரண்டு பேர் வந்து, ஏன் இப்படி மேலே பார்த்து நிற்கிறீர்கள் என்று கேட்டார்களாம். போய் அவரவர் வேலையைப் பாருங்கள் என்பதுதான் போதகர் சொல்ல வந்தது. குழு அதை ஆழ்ந்து ஆராய்ந்து, ஆட்சேபம் ‘நிற்பது’ பற்றியதுதான் என்று கண்டுபிடித்தது. ஆலயத்தின் மொட்டைமாடிக்கு ஒரு சாய்வு நாற்காலி வாங்க ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

அன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருவராக உட்கார்ந்து வானத்தைப் பார்த்தார்கள். ‘மேகம்: உண்டு. வருகை: இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வெயில் காலம் வந்ததும் அவசரக் கூட்டம் கூடியது.

“மண்டை பிளக்குது. மேலே தகரக் கூரை போட்டே ஆகணும்” என்றார் பல் டாக்டர்.

“கூரை போட்டா வானம் எப்படித் தெரியும்?” என்று கேட்டாள் தையல்கார அக்கா.

“பக்கவாட்டுல தெரியுதே.”

“அவரு மேலேருந்துதானே வருவாரு?”

“வந்தவரு கூரை மேலேயே நின்னுடுவாரா? எப்படியும் இறங்கித்தானே ஆகணும், அப்போ பார்த்துக்கலாம்.”

இது ‘இறையியல் விளக்கம்’ என்ற தலைப்பில் நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. கூரையும் ஏறியது.

செயலாளரின் சொந்தப் படைப்பு ஐந்தாம் விதி. பட்டியலில் உள்ள அடுத்தவர் வந்து கையெழுத்துப் போடாமல் யாரும் நாற்காலியைவிட்டு எழக் கூடாது. ஆண்டவர் வருகிற நேரம் பார்த்து நாற்காலி காலியாகக் கிடந்தால் சபையின் மானம் என்னாவது?

அந்தச் செவ்வாய்க்கிழமை அவருடைய மனைவிக்குக் கண் ஆபரேஷன். இடது கண்ணில் பார்வை போய்ப் பல வருஷம் ஆகிறது. இப்போது வலது கண்ணில் கத்தி வைக்கிறார்கள். கட்டுப் போட்டுவிட்டால் யாராவது கைபிடித்து நடத்தினால்தான் உண்டு.

“பயமா இருக்குங்க” என்றாள் காலையில், மருத்துவமனை வாசலில்.

“என்ன பயம்? பன்னிரண்டு மணிக்கு என் முறை. ரெண்டுக்கு முடிஞ்சதும் டாண்ணு வந்து நிக்கிறேன்.”

இரண்டு மணி அடித்தது. அடுத்த முறைக்காரரான அச்சகக்காரர் வரவில்லை. கைபேசிதான் அடித்தது. நர்ஸ் எண்ணை அழுத்தி மனைவியிடம் கொடுத்திருக்கிறாள்.

“முடிஞ்சுதுங்க. ஒரே இருட்டா இருக்கு. எங்கே இருக்கீங்க?”

“இதோ, கிளம்பிட்டேன்!” என்றார் செயலாளர், நாற்காலியில் சாய்ந்தபடி. பிறகு படிக்கட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார். “அச்சகக்காரரே! மணி ரெண்டு தாண்டிடுச்சு!”

“வரவேற்புரைத் துணைக்குழு நடக்குது ஐயா!” என்று கீழேயிருந்து பதில் வந்தது. “‘மாட்சிமை தங்கிய’ன்னு போடறதா, ‘மாண்புமிகு’ன்னு போடறதான்னு ஓட்டெடுப்பு!”

“‘மாண்புமிகு’ மந்திரிக்குப் போடறதாச்சே?”

“அதான் தகராறே!”

மூன்று மணிக்கு மறுபடியும் மனைவி கூப்பிட்டாள். “பக்கத்துல இருந்தவங்க எல்லாம் போயிட்டாங்க. பெஞ்சுல நான் மட்டும்தான் இருக்கேன்னு நினைக்கிறேன்.”

“பாதி வழி வந்துட்டேம்மா” என்றார். சொல்லும்போது அவருக்கே நெஞ்சு சுருக்கென்றது. ஆனால் விதி விதிதான், அதிலும் தன் கையால் எழுதிய விதி.

தையல்கார அக்கா மூச்சிரைக்க மேலே வந்தாள். “அண்ணே, அண்ணிக்கு இன்னிக்கு ஆபரேஷனாமே! எந்திரிங்க, நான் உட்கார்றேன்.”

செயலாளர் பட்டியலைப் பார்த்தார். “இன்னிக்கு உன் முறை இல்லையேம்மா.”

“நாற்காலிக்குத் தெரியவா போகுது?”

“பதிவேட்டுக்குத் தெரியும்.”

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். “எந்த ஆஸ்பத்திரி? அதையாவது சொல்லித் தொலைங்க.”

அதன் பிறகு அழைப்பு வரவில்லை. அது அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

நாலே முக்காலுக்கு ‘மாட்சிமை’ ஒரு ஓட்டில் வென்று, அச்சகக்காரர் வெற்றிக் களையோடு வந்து கையெழுத்துப் போட்டார். செயலாளர், ‘மேகம்: இல்லை. வருகை: இல்லை’ என்று எழுதிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

மருத்துவமனைப் படிகளில் அவர் மனைவி இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை தையல்கார அக்காவின் தோளில், இன்னொரு கை கைப்பிடியில். ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவி இறங்கினாள்.

“வந்துட்டேன் பாரு!” என்றார் செயலாளர். “கோபப்படாதே. இது சாதாரணக் கடமையா? ஆண்டவர் எந்த நேரத்துல வருவாருன்னு யாருக்குத் தெரியும்? நம்பிக்கையோட காத்திருக்கணும் இல்லையா?”

கட்டுப் போட்ட முகத்தை அவள் குரல் வந்த பக்கமாகத் திருப்பினாள்.

“அவர் வருவாருன்னு எனக்கும் நம்பிக்கை இருக்குங்க” என்றாள். “நீங்க வருவீங்கங்கிற நம்பிக்கைதான் போயிடுச்சு.”