பத்திரமாக இருக்கும் பாலம்

உலகத்தில் பாலம் கட்டியவர்கள் பலர். பாலத்தைக் காப்பாற்றியவர்கள் நாங்கள் ஏழு பேர்தான். "தொன்மைப் பாலப் பாதுகாப்புக் குழு"வின் செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்துடன் சொல்கிறேன்.

ஆற்றின் குறுக்கே நூறு வருஷமாக நின்ற இரும்புப் பாலம் அது. முக்கோணம் முக்கோணமாகச் சட்டங்கள் கோத்தது. அக்கரை ஊருக்கு வேறு வழி கிடையாது. பழுது பார்க்க வந்த ஃபிட்டர் ஏறிப் பார்த்துவிட்டு, "நாலு போல்ட் மாத்தணும் சார். அரை நாள் வேலை," என்றார்.

"புது போல்ட்டா?" தலைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "சரித்திரத்துல கை வைக்கச் சொல்றீங்களே."

அரை நாளில் முடிகிற வேலைக்குக் குழு எதற்கு? ஐந்து கூட்டம் போட்டோம். பாலத்துக்கு முதல் எதிரி மழை, இரண்டாவது வெயில், மூன்றாவது அதன்மேல் நடக்கும் ஜனங்கள் என்று கண்டுபிடித்தோம். மூன்றிடமிருந்தும் காக்க ஒரே வழிதான். பாலத்தைக் கழற்றிக் கொட்டகையில் வைத்து "ஆய்வு" செய்வது, பிறகு திரும்பப் பூட்டுவது.

மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். கழற்றக் கழற்ற ஒவ்வொன்றிலும் எண் போட்டோம். பெயின்ட் பட்டால் தொன்மை கெட்டுவிடுமே, அதனால் சாக்பீஸில். எழுதியது நானே, என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். உள்ளே அடுக்குமுன், நூறு வருஷத் தூசி போகட்டும் என்று பொருளாளர் குழாயைப் பிடித்து எல்லாவற்றையும் கழுவிவிட்டார். நன்றாகவே கழுவியிருந்தார்.

ஃபிட்டர் வந்து பார்த்தார். "எது எங்க போகும்னு இனிமே கடவுளுக்குத்தான் தெரியும்," என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுவாரம் ஆற்றங்கரையில் நடந்த எங்கள் கூட்டத்துக்கு இக்கரை ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஓடிவந்தார். "அக்கரையில ஒரு பொண்ணுக்கு வலி எடுத்திருக்கு. நான் எப்படிப் போறது?"

"பாலம் பத்திரமா இருக்கும்மா," என்று தலைவர் கொட்டகைச் சாவியைக் காட்டினார்.

நர்ஸம்மா அவரைப் பார்த்தார். பிறகு மருந்துப் பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கிவிட்டார். கழுத்தளவு தண்ணீர். நடு ஆற்றில் ஒருமுறை பை மட்டும்தான் தெரிந்தது. அதையும் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

அக்கரையில் பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்று சாயங்காலம் சேதி வந்தது. உடனே, "பாலமின்றியும் ஆற்றைக் கடக்க இயலும் என்பது நிரூபணமானதால், திரும்பப் பூட்டும் பணி ஒத்திவைக்கப்படுகிறது" என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம். கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கும்போதே நர்ஸம்மா வந்து நின்றார். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் முழுகிப் போயிருந்தா?"

தலைவர் உருகிவிட்டார். "சும்மா விட்டிருப்போமாம்மா? உங்களைப் பாதுகாக்கவும் ஒரு குழு போட்டிருப்போம்."