பெட்டியா, செம்பியா?

வீட்டில் இருந்த ஒரே பல்பு பெட்டிக்குள் போய்விட்டதால், சிங்கராயர் வீட்டில் அன்று இருட்டில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள்.

"ஏளா, துவையல் எங்க இருக்கு?"

"தடவிப் பாருங்க. கையில எரிஞ்சா துவையல். கொத்துனா செம்பி" என்றாள் சவரியம்மாள்.

செம்பி அவள் வளர்க்கும் கோழி. தாராவியில் வரிசை அறைகளாகக் கட்டிய ஒரு சாலில், பத்துக்குப் பத்து அறையில், மனிதருக்கே கால் நீட்ட இடமில்லாத வீட்டில், செம்பிக்கு மட்டும் அடுப்படி மூலையில் தனிக் கூடை உண்டு. சிங்கராயருக்கு நெடுநாளாக அந்தக் கூடையின் மேல் ஒரு காந்தல். கோழியைக் குழம்பில் பார்த்தால்தான் அவருக்கு அதன் மேல் பாசம் வரும்.

இப்போது பெட்டி வந்துவிட்டது. கண்ணாடி ஜன்னல் வைத்த மரப்பெட்டி. விற்றவர் அடுத்த அறை கரீம் பாட்சா, பழைய சாமான் வியாபாரி.

"கப்பல்ல வந்த சரக்கு அண்ணே. கோழி அடைகாக்க வேண்டாம். முட்டையை உள்ள வச்சு பல்பைப் போட்டா, மூணு வாரத்துல குஞ்சு. மெஷின் அண்ணே, மெஷின்!"

கரீம் பாட்சா பொய் சொல்கிறவர் அல்ல. பொய் சொல்லி விற்பவன் கத்துக்குட்டி. மெய்யை அரைப்படி மட்டும் அளந்து விற்பவனே வியாபாரி. சிங்கராயரோ மாட்டுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். மெஷின் என்ற சொல் காதில் விழுந்தால், பூசையில் மணி அடித்தது போலத் தலை தானாகக் குனிந்துவிடும்.

தவக்காலம் என்பதால் அவர் வீட்டில் முட்டை தொடுவதில்லை. செம்பி இட்டதெல்லாம் அரிசிப் பானையில் சேர்ந்து கிடந்தது. பன்னிரண்டு முட்டை. அத்தனையும் பெட்டிக்குள் போயின.

"மெஷினுக்கு என்ன தெரியும்? செம்பி உக்காந்தா ஒண்ணு விடாம பொரிப்பா" என்றாள் சவரியம்மாள்.

"பந்தயம் வச்சுக்கிடுவமா? ஈஸ்டர் அன்னைக்குப் பெட்டியில குஞ்சு பொரிஞ்சா, செம்பி கொழம்புச் சட்டிக்கு."

"பொரியலேன்னா?"

"பெட்டியை உடைச்சு, அந்த வெறகுல நீ ஆப்பம் சுட்டுக்கோ. செம்பி ஆயுசுக்கும் இந்த வீட்டுல ராணி. நான் வாயே தொறக்க மாட்டேன்."

இதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். குழாயடியில் நின்ற சால் முழுவதையும் ஈஸ்டர் பூசை முடிந்ததும் வேடிக்கை பார்க்க வரச் சொல்லி அழைத்தும் விட்டார்.

மறுநாளே தகராறு தொடங்கியது. செம்பி பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, தன் சொத்தை மீட்க வந்தவள் போலக் கத்தி, ஒயரைக் கொத்தியது. பல்பு பொட்டென்று அணைந்தது. ஒயரை முறுக்கி ஒட்டவைத்துக்கொண்டே சிங்கராயர் தீர்ப்புச் சொன்னார்.

"எதிராளியை வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு யுத்தம் பண்ண முடியாது. ஈஸ்டர் வரைக்கும் இது கரீம் பாட்சா வீட்டுல கெடக்கட்டும்!"

"சரி" என்றாள் சவரியம்மாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரே சொல்லில் எதற்கும் சம்மதித்தது இல்லை. அதைச் சிங்கராயர் தமக்குக் கிடைத்த முதல் வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த சிக்கல் சூடு. முட்டைக்கு நூறு டிகிரி வேண்டும் என்று கரீம் பாட்சா சொல்லியிருந்தார். அதை அளப்பது எப்படி? மாட்டுங்கா டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்த சங்கரனைப் பிடித்து, ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றைக் கெஞ்சி வாங்கிவந்து, முட்டைகளுக்கு நடுவில் செருகினார். பாதரசம் ஏறி, நூறில் போய் நின்றது. நின்றது நின்றதுதான். காலையில் பார்த்தால் நூறு. வேலை விட்டு வந்து பார்த்தால் நூறு. ஒருநாள் சாயங்காலம் முதல் சால் முழுக்கக் கரண்ட் போய், மறுநாள் மத்தியானம்தான் வந்தது. அப்போதும் நூறு!

"பாத்தியா ஏளா! கரண்ட் போனாலும் சூடு போகலை. இதுக்குப் பேருதான் மெஷின். செம்பி இப்படி நிப்பாளா? எடையில எந்திரிச்சுப் புழு தேடப் போயிருவா."

"நிக்க மாட்டா" என்று ஒத்துக்கொண்டாள் சவரியம்மாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். தோல்வி தெரிந்துவிட்டது பாவம் என்று நினைத்தார் அவர்.

ஒரு முட்டையை எடுத்துப் பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தார். முதல்நாள் வெளிச்சம் ஊடுருவிய முட்டை இப்போது கும்மிருட்டாக இருந்தது.

"உள்ள எடம் இல்லாம குஞ்சு ரொம்பி நிக்கி!"

அப்புறம் ஒரு வாடை கிளம்பியது. தோல் பதனிடும் தாராவியில் புதிதாக ஒரு நாற்றம் சேர்ந்தால் கண்டுபிடிக்க யாரால் முடியும்? ஆனாலும் பக்கத்து வீடுகளில் மூக்கைப் பிடித்தார்கள். சிங்கராயர் ஊதுபத்தி கொளுத்திப் பெட்டி மேல் வைத்தார். ஊதுபத்திப் புகையைப் பார்த்துவிட்டு, யாருக்கு என்ன ஆயிற்று என்று துக்கம் கேட்க இரண்டு பேர் வந்தார்கள்.

பெரிய வெள்ளியன்று தெர்மாமீட்டரைத் திருப்பி வாங்க சங்கரன் வந்தார்.

"சங்கரன் சார், ஒங்க தெர்மாமீட்டர் மாதிரி உண்டா! மூணு வாரமா நூறுல நிக்கி. ஒரு இம்மி எறங்கலை!"

சங்கரன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உதறினேளோ?"

"எதுக்கு உதறணும்? உதறுனா ஒடஞ்சிராதா?"

"ஓய், இது மனுஷாளுக்கு ஜுரம் பாக்கறது. ஒருதரம் ஏறினா தானா எறங்காது. உதறினாத்தான் எறங்கும். நீர் பாத்துண்டிருந்தது மொத நாள் சூடு!"

சிங்கராயர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். கரண்ட் போனபோதும் நூறு நின்ற ரகசியம் இதுதானா? அப்படியானால் அந்த வாடை? குஞ்சுகள் உள்ளேயே செத்து... சால் முழுக்க வரப்போகிறது. சவரியம்மாள் அந்தப் பெட்டி விறகில் ஆப்பம் சுடுவாள். அவர் சாகிறவரை தினமும் அதே ஆப்பத்தை நினைவுபடுத்துவாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் கோயில் அலங்கார வேலைக்குப் போனதும், பெட்டி முட்டைகளைப் பையில் அள்ளிக்கொண்டு கரீம் பாட்சாவின் கடைக்கு ஓடினார்.

"பாட்சா, மானம் போகப் போகுது. நாளைக் காலையில எனக்குக் குஞ்சு வேணும். நேத்துப் பொறந்த மாதிரி இருக்கணும்."

கரீம் பாட்சா தாடியைத் தடவினார். "நேத்து எதுக்கு அண்ணே? இன்னைக்குப் பொறந்ததே இருக்கு. ஒண்ணு கொறையாம பன்னெண்டு உருப்படி."

"நெறம்? செம்பி முட்டையில வந்த மாதிரி இருக்கணுமே."

"ஒங்க வீட்டு நெறம்தான். உரிச்சு வச்ச மாதிரி இருக்கும். தாய் நல்ல தாய். அதுக்கு நான் ஜாமீன். ஓடு வேண்டாமா? ஓடில்லாம பொரிஞ்சா யாரு நம்புவா? புது ஓடும் சேத்துத் தாரேன்."

இந்த மனிதருக்குத்தான் எத்தனை தொலைநோக்கு என்று சிங்கராயர் உருகிப்போனார். உருகினவரிடம் பேரம் படியாது. ஈஸ்டருக்கென்று சவரியம்மாள் தைக்கக் கொடுத்து வாங்கி வைத்திருந்த நீல டெரிலின் சட்டை கைமாறியது.

"இந்தப் பழைய முட்டையையும் எடுத்துக்கிட்டு ஏதாவது கொறச்சுக்கிடும்."

"அதை எடுக்கணும்னா நான்தான் ஒங்ககிட்ட கூலி கேக்கணும்" என்று சிரித்தார் கரீம் பாட்சா.

முட்டைகளைக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகச் சாக்கடையில் எறிந்தார் சிங்கராயர். கூழாங்கல் போல் போய் விழுந்தன. ஒன்றுகூடத் தெறிக்கவில்லை. அதை நின்று யோசிக்க அவருக்கு நேரமில்லை.

ஈஸ்டர் காலை. பூசை முடிந்து சால் முழுவதும் வாசலில் நின்றது.

"புதுச்சட்டை எங்க?" என்றாள் சவரியம்மாள்.

"நேத்து வரைக்கும் தவக்காலம்லா? ஒரு ஏழைக்குத் தர்மம் பண்ணிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்தார்.

கீச்... கீச்... கீச்! மஞ்சளும் செம்மையுமாகப் பன்னிரண்டு குஞ்சுகள் ஓட்டுச் சில்லுகளை மிதித்துக்கொண்டு வெளியே குதித்தன. வாசலில் கைதட்டல்.

சவரியம்மாள் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. சிலுவை போட்டுக்கொண்டாள். "இந்தப் பெட்டியில இருந்தா? சேசுவே! நெசமாவே இந்தப் பெட்டியில இருந்தா வந்துச்சு?"

"பின்னே, கூரையைப் பிச்சுக்கிட்டா வந்துச்சு? தோத்தேன்னு ஒத்துக்கோ. எங்க அந்த அரிவாமணை? செம்பியைக் கொண்டாங்க!"

அந்த நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கரீம் பாட்சா பெருநாள் வாழ்த்துச் சொல்ல வந்தார். நீல டெரிலின் சட்டை அவருக்கு எடுப்பாகத்தான் இருந்தது.

சவரியம்மாளின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "தர்மம் வாங்குன ஏழை இவுகதானோ?"

"மனசுல எளியவங்க பாக்கியவான்கள்னு சாமியார் சொல்லலையா?" என்றார் சிங்கராயர். குரல் லேசாகக் கீச்சிட்டது.

மேற்கொண்டு அவள் கேட்பதற்குள் வாசலில் ஒரே களேபரம். செம்பி சிறகை விரித்துக்கொண்டு, நின்றவர்கள் காலிடுக்கில் புகுந்து ஓடி வந்தது. அதன் குரல் கேட்டதுதான் தாமதம், பன்னிரண்டு குஞ்சும் மெஷினைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிப்போய் அதன் சிறகுக்கடியில் புகுந்துகொண்டன.

செம்பியைத் துரத்திக்கொண்டு மூச்சிரைக்க வந்த கரீம் பாட்சாவின் மனைவி சைனப், அந்தக் காட்சியைப் பார்த்து மூக்கின் மேல் விரலை வைத்தாள்.

"யக்கா, நேத்து சாயங்காலத்துல இருந்து எங்க வீட்டுல பொரிச்ச புள்ளையளைக் காணோம்னு செம்பி கெடந்து தவிக்கா, எல்லாம் நாம பெட்டிக்குள்ள மாத்தி வச்ச அவிச்ச முட்டைக்குள்ளயா வந்து ஒளிஞ்சிருக்கு?"