கட்டடத்துக்குள் வந்த பிரியாணிப் புகை

புதிதாக ஒன்றைப் படித்துவிட்டு வந்தவர்களிடம் கட்டடம் கட்டும் வேலையைக் கொடுக்கக் கூடாது. படித்ததை எல்லாம் அந்த ஒரே கட்டடத்தில் காட்டிவிடுவார்கள். நான் காட்டினேன்.

சென்னையில் 'சிஸ்டம் டிசைன்' படித்து முடித்து ஆம்பூர் திரும்பியிருந்த நேரம். காற்று தனி, கரண்ட் தனி, லிஃப்ட் தனி என்று யோசிப்பது பழைய காலம், கட்டடத்தில் எல்லாம் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்பது என் கட்சி. (எங்கள் வீட்டில் அப்பாவும் சித்தப்பாவுமே பேசிக்கொள்வதில்லை, அது வேறு விஷயம்.)

கலீல் பாயின் புது ஷூ கம்பெனிதான் நான் தனியாகச் செய்த முதல் வேலை. பசை வாசனை அடிக்கும் இடமாயிற்றே என்று ஒவ்வொரு மாடியிலும் சென்சார் வைத்தேன். உள்ளே காற்று கெட்டால் பின்பக்கச் சுவரில் உள்ள ராட்சத ஃபேன் வெளிக்காற்றை இழுக்கும். மேலும் கெட்டால் மேலும் வேகமாக இழுக்கும். புகையே வந்துவிட்டால் மணி அடித்து, மெஷின்களை நிறுத்தி, லிஃப்டைக் கீழே இறக்கிக் கதவைத் திறந்து வைத்துவிடும்.

திறப்பு விழாவன்று, ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் கட்டடத்தைப் பார்க்க வந்திருந்தார். அவருக்குப் பிடித்தால்தான் ஆர்டர். என் பெருமையைப் பார்க்க அப்பாவும் வந்தார். வந்த கொஞ்ச நேரத்தில் காணாமல் போனார்.

பாயும் வெளிநாட்டுக்காரரும் லிஃப்டில் ஏறினார்கள். நான் கீழே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். திரையில் காற்றின் நிலையைக் காட்டும் பச்சை மஞ்சளானது. கூட்டம், அதனால்தான் என்று நினைத்தேன். ஃபேன் வேகமெடுத்தது. மஞ்சள் சிவப்பானது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நல்ல காற்று வர வர, காற்று எப்படிக் கெடும்? கூடவே எங்கிருந்தோ லவங்க வாசனை. எந்தப் பசையில் லவங்கம் போடுகிறார்கள் என்று நிஜமாகவே யோசித்தேன். பிறகு, துணிந்து ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன்.

மணி அடித்தது. மெஷின்கள் நின்றன. லிஃப்ட் கீழே வந்து வாயைத் திறந்தது.

"இன்னாம்மா, மூணாவது மாடி அதுக்குள்ள வந்துடுச்சா?" என்றார் பாய்.

"இது கீழ் மாடி பாய்."

"நாங்க மேலதானே போனோம்?"

எனக்கும் அப்படித்தான் ஞாபகம். அவர் திரும்ப உள்ளே போய்ப் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். கதவு மூடவில்லை. வேலை செய்கிறவர்கள் எல்லாரும் "இன்னா ஆச்சு?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே படியில் இறங்கி வெளியே போனார்கள். பதில் தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான். நானும் பக்கத்தில் இருந்தவரிடம் அதையேதான் கேட்டேன்.

அப்போது அப்பாவின் போன்.

"பாப்பா, பின்னாடி பிரியாணி அண்டாகிட்ட நிக்கிறேன். வெறகு அடுப்பு, ஆனா யாருக்கும் கண்ணே எரியல! செவுத்துல இருக்குற உன் ஃபேன் அத்தனை புகையையும் உள்ள இழுத்துக்குது. இப்ப இன்னும் ஜாஸ்தியா இழுக்குது! சமையக்காரரு உன்ன ரொம்பப் பாராட்டுறாரு."

உள்ளே கெட்டால் வெளியிலிருந்து இழு என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். வெளியே அதைவிட மோசமாக இருந்தால் என்ன செய்வது என்று சொல்லித் தரவில்லை. பிரியாணி இல்லாமல் ஆம்பூரில் விழா கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் வரைபடத்தில் அண்டா இல்லை.

ஃபேனை நிறுத்திவிட்டு வெளியே போனேன். "தொறந்த அன்னிக்கே எல்லாரையும் வெளிய தள்ளிடுச்சே. பேஜாராப் போச்சும்மா" என்றார் பாய். வெளிநாட்டுக்காரர் என்னைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்.

மறுநாள் வந்து எல்லா மாடியையும் பார்த்தார். ஆர்டரும் கொடுத்தார், ஃபேனுக்கு வெளியேயும் ஒரு சென்சார் வேண்டும் என்ற நிபந்தனையோடு. வைத்தேன்.

இன்றும் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்கு அண்டா இறங்கினாலும், "காத்து எந்தப் பக்கம்னு இன்ஜினியரம்மாவக் கேட்டுட்டு அடுப்ப வைங்க" என்பார் அப்பா. நான் ஒரு பக்கம் கை காட்டுவேன். உடனே எல்லாரும் சேர்ந்து அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் வைப்பார்கள்.