தீமிதிப்புக்கு முன் தின்ற சீனிச்சம்பல் பணிஸ்

வந்தாறுமூலை,
செவ்வாய்க்கிழமை.

எங்கள் திரௌபதை அம்மன் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கராகவும் என் அக்காவுக்குக் கணவராகவும் இருந்து, இரண்டு பொறுப்பையும் ஒரே பொறுமையோடு சுமந்துவரும் அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் பூபாலபிள்ளை வணங்கி எழுதுவது. அம்மன் அருளால் இங்கே இராசாத்தியும் மகள் தர்மினியும் பேரனும் நலம். நான் நலமில்லை. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கா உங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பவர், அக்கா கேட்டால் ஊர் கேட்டமாதிரி. ஆகவே தனியே இருந்து படிக்கவும், படித்ததும் அடுப்பில் போடவும்.

தர்மினி பிரசவத்துக்குப் போய் இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்தபோது, "தாயே, என்ட புள்ளயத் தந்திரு, வாற சடங்குக்குத் தீ மிதிக்கிறன்" என்று நான் அழுதது உங்களுக்குத் தெரியும். அவள் தந்துவிட்டாள். நான்தான் இன்னும் கொடுக்கவில்லை. அதற்காகத்தான் கையில் காப்புக் கட்டி, புதுச் சட்டி வாங்கி, ஒரு நேரச் சோறு நானே பொங்கிச் சாப்பிட்டு வந்தேன். இராசாத்தி என்னைவிடக் கடுமை. மீன் சட்டி, மீன் வெட்டுகிற கத்தி, மீன் கழுவிய வாளி எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பூனையையும் அனுப்பினாள், அது மட்டும் திரும்பி வந்துவிட்டது.

நேற்று மஞ்சள் வேட்டி வாங்க ஓட்டமாவடிக்குப் போனேன். திரும்பும் வழியில் பஸ் நின்றுவிட்டது, வெயிலோ மண்டையைப் பிளக்கிறது, காலையிலிருந்து வயிற்றில் வெறும் இளநீர், கண் இருட்டிக்கொண்டு வர எதிரில் இருந்த றிஸ்வி என்பவரின் தேநீர்க் கடைக்குள் போய் விழுந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் மீன் றோல்ஸ், முட்டை றொட்டி, சீனிச்சம்பல் பணிஸ். பணிஸ் கோதுமை மா, சம்பல் வெங்காயமும் சீனியும், இதில் என்ன தீட்டு என்று ஒன்றைத் தின்றேன். உயிர் வந்தது. இரண்டாவதையும் தின்றேன். அதற்குப் பிறகுதான், விரதக்காரன் என்ற ஞாபகம் வந்து, "றிஸ்வி காக்கா, இது சைவந்தானே?" என்று கேட்டேன். தின்றுவிட்டுக் கேட்கிற மடையன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

அந்த மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மாசிக் கருவாடு போடாத சம்பலும் ஒரு சம்பலா ஐயா? எங்கட கடையில அள்ளித்தான் போடுவம்!" என்றார். அப்போதுதான் என் கைக்காப்பைக் கண்டார். "அல்லாஹ்வே, ஐயா நேர்த்திக்காரரா? முதல்லயே ஒரு சொல்லுச் சொல்லப்படாதா?" என்று அவர் முகமும் வெளுத்துவிட்டது.

கடையில் உண்ட குற்றத்துக்கு ஒரு முழுக்கும் ஒரு தேங்காயும் போதுமென்று நீங்களே ஒருவருக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் மீன் மச்சம் தின்றதற்கு என்ன செய்வது? வாவியில் இறங்கி நாற்பது தரம் வாய் கொப்பளித்தேன், பக்கத்தில் ஒருவர் வலை வீசி றால் அள்ளுகிறார், அந்த றால் நீந்திய தண்ணீர்தான் என் வாய்க்குள் என்று நாற்பதாவது தரத்தில்தான் உறைத்தது. வீட்டுக்கு வந்து மஞ்சள் தண்ணீர் குடித்தேன், கோமயத்துக்காகச் செம்போடு பசுவின் பின்னால் நின்று முழங்காலில் உதை வாங்கினேன். இராசாத்தி கண்டுவிட்டாள். "இஞ்சாருங்க, ஏன் வாயெல்லாம் மஞ்சளா இரிக்கி? மாட்டோட என்ன சண்ட?" என்கிறாள். நான் பக்தி என்றேன். இதற்குள் அந்தப் பூனை என் வலது கையை மணந்து பார்த்துவிட்டு, போகிற இடமெல்லாம் பின்னால் வருகிறது. வாயில்லாச் சீவன் பொய் சொல்லுமா அத்தான்?

போன வருடம் உங்கள் மகன், என் மருமகன் டிலக்சனின் கால் தீக்குழியில் வெந்தபோது, சனத்துக்கு முன்னால் நான்தானே "முட்ட திண்டவன அம்மன் உடுவாளா?" என்று கத்தினேன். "இல்ல மாமா, நான் திங்கல்ல" என்று பிள்ளை மூன்று தரம் சொன்னான். இப்போது மாசி தின்ற நானே அதில் இறங்கினால் என் கால் மட்டுமா வேகும்? நேர்த்தி பிழைத்தால் அது தர்மினியில் போய் விடிந்துவிடுமோ என்று பயமாயிருக்கிறது. அந்தப் பச்சைப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமைப் பட்டியலில் என் பெயரை வெட்டிவிடுங்கள். மாடு உதைத்த முழங்காலை ஊருக்குக் காரணமாகச் சொல்லுங்கள், அது பொய்யுமில்லை. அடுத்த வருடம் சுத்தமாகச் செய்து முடிக்கிறேன் என்று அம்மனிடமும் ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.

அக்காவுக்கும் மருமகனுக்கும் என் அன்பு. அம்மன் உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும். என்னைப் பற்றி அவளே யோசித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
வாய் கட்டத் தெரியாத மைத்துனன்,
க. பூபாலபிள்ளை

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் வாசலில் மோட்டார் சைக்கிள். றிஸ்வி! வீடு விசாரித்து வந்திருக்கிறார். "ஐயா, எனக்குச் சோறு இறங்கல்ல. மாசி விலை ஏறின நாளிலயிருந்து எங்கட சம்பலுக்க மாசியே இல்ல. வெங்காயம், கொச்சிக்காய், சீனி, அவ்வளவுதான். கடைப் பேருக்காகச் சொல்லிட்டன். ஆருக்கும் சொல்லிராதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பூனை எதற்கு என்னைச் சுற்றுகிறது என்று இராசாத்தியிடம் கேட்டேன். "ஒரு கிழமையா வீட்டில மீனில்ல, அது ஆரத்தான் சுத்தும்?" என்றாள்.

ஆகவே நான் சுத்தம். பெயரை வெட்ட வேண்டாம். ஆனால் அத்தான், இதைக் கேட்டதும் எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டுமே, வரவில்லை. அடுப்பில் கிடக்கும் தணலைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். நேற்றிலிருந்து நான் பயந்தது மாசிக்கில்லை, நெருப்புக்கு என்று இப்போதுதான் தெரிகிறது. என்றாலும் வருவேன், பிள்ளையை வாங்கியவன் நான். டிலக்சன் போன வருடம் காலுக்குப் பூசிய களிம்பு மிச்சமிருந்தால் அவன் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். அந்த முட்டைப் பேச்சுக்கு அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதை வெள்ளிக்கிழமைக்கு முன்னமே கேட்டுவிடுவதுதான் எனக்கு நல்லது.