ஹெரால்ட் ஓக்டன் வாயைக் கட்டிய வாரம்

நுணலும் தன் வாயால் கெடும். இங்கிலாந்தின் ராச்டேலில் ஹெரால்ட் ஓக்டன் கெட்டது பாதிரியார் முன்னால். ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்த அந்த நல்ல மனிதர், உருளைக்கிழங்கு ருசியாக இருக்கிறது என்றார். "ப்ளடி பிரமாதம்னு சொல்லுங்க," என்று திருத்தினார் ஹெரால்ட்.

பாதிரியார் கிளம்பியதும் மனைவி பெரில் பேனாவும் காகிதமுமாக வந்து உட்கார்ந்தாள்.

"சனிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு வரைக்கும் உன் வாயில கெட்ட வார்த்தை வரக் கூடாது. ஜெயிச்சா தோட்டத்துக் கொட்டகை உனக்கு. அதைப் பத்தி இனி பேசவே மாட்டேன். தோத்தா என் மண்பாண்டத்துக்குச் சூளை வைக்கக் கொட்டகை எனக்கு."

கொட்டகை என்றால் ஹெரால்டுக்கு உயிர். சாய்வு நாற்காலி, வானொலி, இழைப்புளி, முக்கியமாக உள்பக்கம் தாழ்ப்பாள். வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

"எதெல்லாம் கெட்ட வார்த்தை?"

"முதல்ல ப்ளடி."

"அது உப்பு மாதிரி, பெரில். எல்லாத்துலயும் ஒரு சிட்டிகை போடுறது."

"உனக்கு ரத்தக்கொதிப்பு. உப்பைக் குறை. அடுத்து பில்லக்."

"மடையன்னு அர்த்தம், அவ்வளவுதான். அதைக்கூட சொல்லக் கூடாதா?"

"கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிக்கோ. அடுத்து பக்கர், அப்புறம் சாட்."

ஹெரால்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "முப்பது வருஷமா கூட்டாளி க்ளிஃபை 'கிழட்டு சாட்'னுதான் கூப்பிடுறேன். அது திட்டு இல்ல, பாசம்."

"பாசத்தை வேற வார்த்தையில காட்டு."

"வேற வார்த்தை எங்கிட்ட இல்லையே."

கெஞ்சிக் கூத்தாடி 'ப்ளைமி' ஒன்றுக்கு மட்டும் விலக்கு வாங்கினார். ஆச்சரியப்பட்டால் பாதிரியாரே அதைச் சொல்லுவார். கடைசியில் பெரில் இன்னொரு விதி சேர்த்தாள்.

"பந்தயத்தைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. சொன்னாலும் தோல்விதான். க்ளிஃபுக்குத் தெரிஞ்சா வேணும்னே உன் வாயைக் கிளறுவான்."

எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டார் ஹெரால்ட். அட அப்பாவி மனிதா.

திங்கட்கிழமையிலிருந்து அவருக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. வாயைத் திறந்தாலே ப்ளடி முந்திக்கொண்டு வரப் பார்த்தது. பயந்துபோய், ஒவ்வொரு சொல்லையும் சோதித்துச் சோதித்து, செய்தி வாசிப்பவர் போலப் பேசத் தொடங்கினார். புதன்கிழமை சுத்தியல் கட்டைவிரலில் விழுந்தது. தேவாலயப் பாட்டை முணுமுணுத்தபடி தோட்டத்தை மூன்று சுற்று ஓடினார். பெரில் சமையலறை ஜன்னலில் நின்று தேநீர் குடித்துக்கொண்டே பார்த்தாள்.

வியாழக்கிழமை புல்தரையில் பந்துருட்டும் ஆட்டம். க்ளிஃப் உருட்டிய பந்து ஹெரால்டின் பந்தைத் தள்ளி மூலைக்கு அனுப்பியது. கூட்டாளிகள் நாலு பேரும் வழக்கமான வசவுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"மிகவும் நன்று, க்ளிஃபர்ட்," என்றார் ஹெரால்ட்.

க்ளிஃபின் முகம் வெளிறியது. அவரை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இதுவரை இரண்டே பேர்: பெற்ற தாயும், ஒருமுறை நீதிபதியும்.

"என்மேல கோவமாடா?"

"இல்லை, நண்பரே."

க்ளிஃப் தொப்பியைக் கழற்றினார். அந்த ஊரில் ஒருவன் கூட்டாளியைத் திட்டவில்லை என்றால் ஒன்று பகை, இல்லாவிட்டால் சாவு. கோபம் இல்லை என்று அவனே சொல்லிவிட்டான்.

சனிக்கிழமை காலை பதினொன்றரை. இன்னும் அரை மணி நேரம் என்று ஹெரால்ட் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது தோட்டத்தில் அரவம் கேட்டது. க்ளிஃபும் மற்ற மூவரும் தள்ளுவண்டியோடு வந்து கொட்டகையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை.

"என்ன செய்கிறீர்கள்?"

"ஈரக் கொட்டகை உன் நெஞ்சுக்கு ஆகாதுடா. உனக்கு என்ன நோய்னு பெரில்கிட்ட கேட்டோம். பாவம், ஒண்ணும் சொல்லல. கொட்டகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாங்க. நாங்களே புரிஞ்சுக்கிட்டோம்." க்ளிஃப் இழைப்புளியை மார்போடு அணைத்தார். "இது உன் ஞாபகமா எங்கிட்ட இருக்கும்."

"எனக்கு எந்த நோயும் இல்லை. நான் நலமாக இருக்கிறேன்."

"பாருங்கடா, எவ்வளவு மரியாதையா பேசுறான்," என்று க்ளிஃப் மற்றவர்களிடம் குரல் உடைந்து சொன்னார். "ரொம்ப முத்திப் போச்சு."

சாய்வு நாற்காலி ஹெரால்டைக் கடந்து போனது. வானொலி போனது. திட்டினால் கொட்டகை போகும். திட்டாவிட்டால் கொட்டகை போய்க்கொண்டே இருக்கிறது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டார். இன்னும் ஐந்தே நிமிடம். பன்னிரண்டு அடித்ததும் எல்லாவற்றையும் திட்டித் திரும்ப வாங்கிவிடலாம்.

அப்போது க்ளிஃப் தன் கழுத்துச் சால்வையைக் கழற்றி ஹெரால்டின் கழுத்தில் சுற்றினார். அறுபத்தெட்டு வயது மனிதர் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். ஹெரால்ட் அவர் தோளைப் பிடித்தார். ஏதாவது சொல்ல வேண்டும். வேறு வார்த்தை அவரிடம் இல்லை.

"அழாதடா, கிழட்டு சாட். எனக்கு ஒண்ணும் இல்லடா, ப்ளடி பில்லக். அந்த இழைப்புளியைக் கீழ வைடா, பக்கர்."

"பிழைச்சுக்கிட்டான்," என்று நாலு பேரும் அவரைக் கட்டிப் பிடித்துக் குதித்தார்கள்.

சமையலறைக் கதவு திறந்தது. பெரில் தட்டில் ஆறு கோப்பைத் தேநீரோடு வந்தாள். பக்கத்தில் அந்தக் காகிதமும் பேனாவும். ஒவ்வொரு கெட்ட வார்த்தையாக டிக் அடித்தாள். நாலும் சரியாக இருந்தன. மணி பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம்.

"தேத்தண்ணி குடிங்கப்பா. சாமானை மட்டும் திரும்ப உள்ள வைக்காதீங்க," என்றாள். "பன்னெண்டு மணிக்குச் சூளை வருது. திங்கக்கிழமையே சொல்லி வெச்சிட்டேன்."

ஹெரால்ட் வாயைத் திறந்தார். அனுமதி உள்ள ஒரே வார்த்தைதான் வந்தது.

"ப்ளைமி."